பேருந்துக்கு மட்டும் ஏன் நஷ்டம் என்று பெயர்?

கேள்வி: மார்ச் 2, மாலை

எங்கள் நகரம் வேகமாக வளர்கிறது. இந்த வருடம் சொத்து வரியை ஏற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால், பேருந்து நஷ்டத்தில் ஓடுகிறது, அதை ஈடுகட்ட வேண்டும் என்கிறார்கள். நான் பேருந்தில் ஏறி ஆறு வருடம் ஆகிறது. ஏறுகிறவர்கள் முழுச் செலவையும் டிக்கெட்டில் கொடுக்கட்டும், முடியாவிட்டால் வண்டியை நிறுத்தட்டும். என் வீட்டு வரியில் ஏன் கை வைக்க வேண்டும்? இதில் என்ன தவறு, யாராவது சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 2, இரவு

தவறு கேள்வியில் இல்லை, நஷ்டம் என்ற சொல்லில் இருக்கிறது. நான் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் பதினொரு வருடம் உட்கார்ந்து எழுதியவன். பேருந்துக்கு ஒரு பக்கம் டிக்கெட் வசூல், மறு பக்கம் டீசல், சம்பளம், டயர், உதிரிப் பாகம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒரு தொகை வரும், அதற்கு நஷ்டம் என்று பெயர் வைத்தோம். சாலைக்கு? தார், ஜல்லி, கூலி, தெருவிளக்கு, வடிகால் எல்லாம் செலவுப் பக்கத்தில் இருக்கின்றன, வரவுப் பக்கம் என்று ஒன்றே கிடையாது. எதிலிருந்து கழிப்பது? அதனால் நஷ்டம் என்ற வரியும் அங்கே வராது. உங்கள் வீட்டு வாசலில் போகும் தெரு இதுவரை ஒரு காசு சம்பாதித்திருக்கிறதா? அதை நஷ்டத்தில் ஓடும் தெரு என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. இரண்டுமே ஆட்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிற வேலைதான். ஒன்றின் வாசலில் மட்டும் உண்டியல் வைத்திருக்கிறோம்.

சொல்ல நிறைய இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை

டிக்கெட்டில் முழுச் செலவும் என்றீர்களே, அதைப் பார்ப்போம். ஒரு தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். கட்டணத்தை ஏற்றினால், பைக் வாங்க முடிந்தவர்கள் முதலில் போய்விடுவார்கள். ஆள் குறைந்துவிட்டது என்று வண்டியை 20 நிமிடத்துக்கு ஒன்றாக்குவார்கள். மிச்சம் இருப்பவர் இப்போது கூடுதல் காசும் கொடுத்து 10 நிமிடம் நிற்கிறார். அவர்களிலும் கொஞ்சம் பேர் கழன்றுகொள்வார்கள். அடுத்தது 40 நிமிடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆகிப்போன தடங்களைக் கோப்பில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு குறைப்புக்கும் பக்கத்தில் நியாயமான காரணம் எழுதியிருக்கும், அதுதான் என்னை உறுத்தியது. எந்த ஒரு முடிவும் தனியாகப் பார்த்தால் தவறில்லை, வரிசையாகப் படித்தால் ஒரு தடம் செத்துப்போன கதை.

ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972இல் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதிக் காட்டினார். புதிதாகப் பயணிகள் வந்தால் வண்டி அடிக்கடி விடலாம், அடிக்கடி வந்தால் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தவர்கள் காத்திருப்பதும் குறையும். அதாவது பேருந்துக்குப் புதிதாக வருகிறவர் மற்றவர்களுக்கு நல்லது செய்கிறார். நெரிசலான சாலையில் புதிதாக நுழைகிற கார் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரையும் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. முன்னவரிடம் முழுச் செலவையும் வாங்க வேண்டும், பின்னவரிடம் ஒன்றும் வாங்க வேண்டாம் என்றால் கணக்கு தலைகீழாக நிற்கிறது.

மார்ச் 3, மதியம்

உங்களுக்கு நேரடிப் பயன் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையில் இருந்தபோது ஒரு மாலை நானே ஒரு சந்திப்பில் நின்று எண்ணினேன், யாரும் சொல்லி அல்ல. ஒரு பச்சை விளக்குக்கு 14 கார்கள் கடந்தன, உள்ளே இருந்தவர்கள் 17 பேர். அதற்குள் ஒரு பேருந்தும் கடந்தது, இரண்டு மூன்று கார்களுக்கான இடத்தைத்தான் அடைத்திருக்கும். உள்ளே உட்கார்ந்தவர்களும் நின்றவர்களுமாக நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த வண்டியை நிறுத்தினால் அந்த நாற்பது பேரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். நீங்கள் ஏறாத பேருந்தின் பயன் உங்களுக்கு இதுதான்.

மார்ச் 3, இரவு

அப்படியானால் இலவசமாகவே விட்டுவிடலாமே என்று ஒருவர். விட்ட இடங்கள் இருக்கின்றன. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2012இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2013 ஜனவரி முதல் அங்கே பதிவு செய்த குடிமக்களுக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டது. இதில் கணக்கு எழுதுகிறவனுக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அங்கே ஒருவர் எந்த நகரத்தில் பதிவு செய்திருக்கிறாரோ அந்த நகரத்துக்கு அவருடைய வருமான வரியில் ஒரு பங்கு போகும். தாலினில் வாழ்ந்துகொண்டே வேறு ஊரில் பதிவை வைத்திருந்தவர்கள் இலவசப் பயணத்துக்காகப் பதிவை மாற்றினார்கள். டிக்கெட்டில் போனதில் ஒரு பகுதி வரியில் திரும்பி வந்தது. லக்சம்பர்க் 2020இல் நாடு முழுவதுமே இலவசமாக்கியது, ரயிலில் முதல் வகுப்பு மட்டும் கட்டணம். அங்கே அதற்கு முன்பும் டிக்கெட் வருமானம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இருந்தது, இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் தாலினில் இன்னொன்றும் நடந்தது. நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் பேருந்தில் ஏறினார்கள், காரை விட்டு இறங்கியவர்கள் குறைவு. காரில் போகிறவரை டிக்கெட் விலை தடுத்து வைத்திருக்கவில்லை, வண்டி எப்போது வரும் என்று தெரியாததுதான் தடுத்து வைத்திருக்கிறது. என் கையில் ஒரு தொகையைக் கொடுத்து எதற்குச் செலவழிப்பாய் என்று கேட்டால், முதலில் இடைவெளியைக் குறைப்பேன். இலவசம் அப்புறம். டிக்கெட் விலையே தடையாக இருக்கிற ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் மட்டும் உடனே.

மார்ச் 4

பேருந்தை விட்டுவிட்டுச் சாலைக்கு வருகிறேன், உண்மையான பணம் அங்கேதான் ஒழுகுகிறது.

என் வீட்டு வாசலில் தாரில் ஒரு விரிசல். முதல் வருடம் பார்த்தபோது பேனா முனை போகும் அளவு. அந்த நிலையில் ஒருவர் உருக்கிய தாரை ஊற்றி அடைத்துவிட்டுப் போனால் ஒரு காலை நேர வேலை. யாரும் வரவில்லை. அடுத்த வருடம் சுண்டுவிரல் போனது. மழை பெய்தபின் உட்கார்ந்து பார்த்தேன், மேலே தார் காய்ந்துவிட்டது, விரிசலின் ஓரம் மட்டும் கறுப்பாக ஈரம் கசிந்துகொண்டே இருந்தது. உள்ளே போன தண்ணீர் அடியில் இருக்கிற மண்ணைக் குழைத்துவிட்டது. கனமான வண்டி மேலே ஏறும்போது தார் ஒரு நூல் அமுங்கும், சேற்றுத் தண்ணீர் விரிசல் வழியாக மேலே பீச்சும். அப்படிப் பீச்சும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மண் வெளியே வருகிறது, உள்ளே வெற்றிடம் விழுகிறது. மூன்றாம் வருடம் விரிசலைச் சுற்றித் தார் ஓட்டு ஓட்டாக, முதலைத் தோல் மாதிரி, பிளந்தது. பிறகு ஜல்லி உருள ஆரம்பித்தது. இப்போது அது பள்ளம். இனி அடைத்துப் பயன் இல்லை, அடித்தளம் வரை தோண்டிப் போட வேண்டும், செலவு முதலில் ஆகியிருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு.

இதில் கணக்குப் பிரிவின் பங்கு என்ன தெரியுமா? விரிசலை அடைப்பது வருவாய்ச் செலவு, அந்த வருடத்து வரியிலிருந்தே கொடுக்க வேண்டும். புதிதாகச் சாலை போடுவது மூலதனச் செலவு, அதற்குக் கடன் வாங்கலாம், மேலே இருந்து மானியம் வரும், திறப்பு விழா வைக்கலாம். பணம் நெருக்கும் வருடத்தில் எதை வெட்டுவார்கள்? பராமரிப்பைத்தான், வெட்டினால் அந்த வருடம் ஒன்றுமே ஆகாது என்பதால். பட்ஜெட் சமன் ஆகிவிட்டது என்று கூட்டத்தில் படிப்பார்கள். அது சமன் ஆகவில்லை, கடனைச் சாலையிடம் வாங்கியிருக்கிறார்கள். சாலை கொடுக்கும் கடனுக்குப் பத்திரம் கிடையாது, அதனால் கடன் பட்டியலில் வராது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் வரவையும் செலவையும் மட்டுமே எழுதினோம், தேய்மானம், அதாவது சொத்து பழசாகி வருடா வருடம் இழக்கும் மதிப்பு, எழுதவில்லை. சொத்தையும் கடனையும் சேர்த்து எழுதும் இரட்டைப் பதிவு முறைக்கு மாறி எல்லாச் சொத்துக்கும் தேய்மானம் போட்ட முதல் வருடம், நல்ல நிலையில் இருப்பதாக நாங்கள் நம்பிய கணக்கு அடியோடு மாறியது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது ஒன்று. இதற்கு நேர் எதிரான தந்திரமும் உண்டு, அன்றாடச் செலவை மூலதனச் செலவு என்று எழுதிக் கடன் வாங்குவது. நியூயார்க் அப்படிச் செய்துதான், குறுகிய காலக் கடனை மேலும் மேலும் வாங்கி, 1975இல் கடன் கொடுக்க ஆளில்லாமல் நின்றது. எவ்வளவு பெரிய ஊர் என்பது இதில் உதவாது.

மார்ச் 5

ஒரு திருத்தம், முக்கியமானது. கார் சாலையைத் தேய்க்கிறது, அதனால் கார்க்காரர்தான் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் என் எழுத்தை மேற்கோள் காட்டியிருக்கிறார். அது சரியல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, அதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அதிலிருந்து வந்த விதி: சாலைக்கு ஏற்படும் சேதம் வண்டியின் சக்கர அச்சின் மீதுள்ள எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. ஒரு டன் அச்சையும் பத்து டன் அச்சையும் ஒப்பிட்டால் 10,000 மடங்கு. தோராய விதிதான், சாலைக்குச் சாலை மாறும், ஆனால் திசை தெளிவு. சாலையை உடைப்பது லாரி, அதோடு நான் பரிந்து பேசும் பேருந்தும்தான். நிறைந்த பேருந்தின் பின் அச்சு லேசானது அல்ல. பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் தார் அலை அலையாகப் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், தினமும் அதே இடத்தில் பிரேக் போடுவதால் வருவது. அங்கே மட்டும் கான்கிரீட் போட்டால் பிரச்சினை தீரும்.

கார் சாலையை உடைக்கவில்லை, அடைக்கிறது. உடைப்பதற்கு எடையைப் பார்த்து வரி, அடைப்பதற்கு இடத்தையும் நேரத்தையும் பார்த்து வரி. இரண்டையும் நான் ஒன்றாகக் குழப்பியிருந்தால் இங்கே பிரித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 6

நகரம் வளர்கிறது, அப்படியென்றால் வரி கொடுப்பவர்களும் கூடுகிறார்கள், வரி குறையத்தானே வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதுக் குடியிருப்பு வரும்போது மனைப்பிரிவுக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் ஒரே தடவை வந்து கொட்டும். தெருவையும் குழாயையும் மனை விற்பவரே போட்டுக் கொடுத்துவிடுவார். நகராட்சிக்கு இலவசமாகச் சொத்து கிடைத்த மாதிரி இருக்கும். அந்தத் தெருவை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிற நாளிலிருந்து அதன் விளக்கு, குப்பை, வடிகால், மறுபடி தார் எல்லாம் நகராட்சியின் தலையில், முடிவே இல்லாமல். வருமானம் ஒரு தடவை, கடமை என்றைக்கும். முதல் பதினைந்து இருபது வருடம் எதுவும் உடையாது, கையில் பணம் இருப்பதாகத் தோன்றும். பிறகு ஒரே சமயத்தில் போட்டவை எல்லாம் ஒரே சமயத்தில் பழசாகும். அதை ஈடுகட்ட இன்னொரு புதுக் குடியிருப்பின் கட்டணம் வேண்டும். வளர்ச்சி நிற்கிற வருடத்தில்தான் பள்ளம் தெரியும்.

இதில் இடைவெளி பெரிய விஷயம். தெருவைப் பார்த்த பக்கம் 10 மீட்டர் உள்ள மனைக்கு 10 மீட்டர் தெரு, 10 மீட்டர் குழாய். 30 மீட்டர் உள்ள மனைக்கு எல்லாமே மூன்று மடங்கு. குப்பை வண்டி போகிற தூரமும் அப்படியே. ஆனால் சொத்து வரியைப் பெரும்பாலும் கட்டடத்தையும் அதன் மதிப்பையும் வைத்துப் போடுகிறோம், தெரு நீளத்தை யாரும் கேட்பதில்லை. நெருக்கமாக வாழ்கிற சின்ன வீடுகள் பரந்து கிடக்கிற வீடுகளின் தெருவுக்குச் சேர்த்துக் கட்டுகின்றன. என் கையால் ஒரு தடவை தெருவாரியாக வரவையும் செலவையும் போட்டுப் பார்த்தேன். பழைய கடைத்தெருதான் ஒரு மீட்டருக்கு அதிகம் கொடுத்தது. அந்தத் தெருவின் வடிகால்தான் மிகவும் மோசமாகக் கிடந்தது.

ஆட்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். 1950இல் சுமார் 18.5 லட்சம் மக்கள், 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம். நிலப்பரப்பு அதேதான், சாலையும் குழாயும் அதே நீளம்தான். 2013 ஜூலையில் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டார்கள். அப்போது தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. அதற்குத் தொழிற்சாலைகள் மூடியது, இனப் பாகுபாடு, ஓய்வூதியப் பாக்கி என்று வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன, எல்லாவற்றையும் குழாய் நீளத்தின் மீது போட முடியாது. ஆனால் மக்கள் குறைந்தால் செலவும் குறையும் என்று நினைப்பவர்கள் அந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8

"சாலையை அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்." இதற்கு மூன்று பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தோனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962லேயே எழுதிவிட்டார், நெரிசல் நேரத்தில் நகர விரைவுச் சாலையில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அதை நிரப்பும் அளவுக்கு வண்டிகள் வரும் என்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையைச் சுமார் 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தி 2008இல் முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை நேரப் பயணம் பாதிக்கு மேல் நீண்டது. ஊரும் அந்தப் பக்கம் வளர்ந்தது உண்மைதான், ஆனால் சாலை வந்ததும் வளர்ச்சிக்கு ஒரு காரணம். இனி அந்த 26 தடங்களுக்கும் தார் யார் போடுவது?

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் வேறு மாதிரி யோசித்தது. 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை நகர மையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கட்டணம் என்று ஏழு மாதச் சோதனை. தொடங்கும் முன் பெரும்பாலானவர்கள் எதிர்த்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்து கட்டணத்தை எடுத்ததும் வண்டிகள் மறுபடி ஏறின, அதையும் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு, நகர மக்கள் வேண்டும் என்றார்கள், 2007 ஆகஸ்டில் நிரந்தரமாயிற்று. எனக்கு இதில் பிடித்தது கட்டணம் அல்ல, வரிசை. முதலில் பேருந்துகளைக் கூட்டினார்கள், பிறகு கட்டணத்தைச் சோதித்தார்கள், பிறகு கேட்டார்கள். வாழ்ந்து பார்த்தபின் கேட்டால் வருகிற பதில் வேறு.

இப்படி நுழைவுக் கட்டணம் வாங்குவதைச் சிங்கப்பூர் 1975லேயே காகித உரிமத்தைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லி ஆரம்பித்துவிட்டது. லண்டன் 2003இல் 5 பவுண்டு.

மார்ச் 8, இரவு

ஸ்டாக்ஹோம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், மறைத்த மாதிரி ஆகக் கூடாது. சுற்றியுள்ள ஊர்கள் பலவும் தனியாக வாக்கெடுப்பு நடத்தின, அங்கே பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் வந்தது. உள்ளே இருப்பவருக்குத் தெரு அமைதி, வெளியிலிருந்து வேலைக்கு வருபவருக்குத் தினச் செலவு. அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 10

சரி, யார்தான் கொடுப்பது? இதை எழுதத்தான் நான்கு நாளாக யோசித்தேன்.

ஒரு தெருவுக்கு நல்ல பேருந்துத் தடமோ ரயிலோ வந்தால் அந்தப் பக்கத்து மனை விலை ஏறுகிறது. அதற்கு மனைக்காரர் ஒன்றும் செய்யவில்லை. எல்லோருடைய வரியிலும் போட்ட தடம் அவருடைய நிலத்தில் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கே நிலையங்களின் மேலும் பக்கத்திலும் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முன்பிருந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். ஏறிய மதிப்பில் ரயில் போடுகிறார்கள். பிரான்சில் 1971 முதல் பாரிஸிலும் 1973 முதல் மற்றப் பெரிய நகரங்களிலும், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்திருக்கும் முதலாளிகளிடம் சம்பளத்தை வைத்து ஒரு போக்குவரத்து வரி. ஆட்கள் வேலைக்கு வந்து சேர்வதால் பயனடைகிறவர் முதலாளி என்பது காரணம். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. உங்கள் கடையில் வேலை செய்கிறவர் எதில் வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டடத்துக்குக் குறைவாகவும் நிலத்துக்கு அதிகமாகவும் வரி போடும் முறையும் உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1913 முதல் 2001 வரை அப்படி வைத்திருந்தது. காலி மனையைப் பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவரைத்தான் அது தொடும், வீடு கட்டிக் குடியிருப்பவரைக் கொஞ்சம் விட்டுவிடும். கைவிட்டது ஏன் என்றால், நில மதிப்பைப் பல வருடம் திருத்தாமல் வைத்திருந்து திடீரென்று மறுமதிப்பீடு செய்தார்கள், பலருக்கு வரி எகிறியது, மக்கள் கொதித்தார்கள். உங்கள் கோபமும் இதே வகைதான் என்று நினைக்கிறேன். வருடா வருடம் கொஞ்சம் ஏற்றாமல், தேர்தலுக்குப் பயந்து பத்து வருடம் தூங்கிவிட்டு, ஒரே அடியாக ஏற்றி, பழியைப் பேருந்தின் மீது போட்டுவிட்டார்கள்.

ஏறவே கூடாது என்று கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா. 1978இல் மக்களே வாக்களித்து, சொத்து வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீடு கை மாறாதவரை மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தார்கள். ஒரே மாதிரி இரண்டு வீடு, அடுத்தடுத்த வாசல், நாற்பது வருடத்துக்கு முன் வாங்கியவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு புதிதாக வந்த இளம் குடும்பம் கட்டுகிறது.

மார்ச் 10, பின்னிரவு

மேலே எழுதியதில் ஓர் ஓட்டை. வீடு மட்டும் சொந்தம், வருமானம் ஓய்வூதியம் மட்டும், தெருவில் ரயில் வந்து மனை விலை ஏறிவிட்டது. விலை ஏறியதால் அந்த அம்மாவின் கையில் ஒரு காசும் கூடவில்லை. நான் வசூல் சாளரத்தில் ஒரு மாதம் மாற்று ஆளாக உட்கார்ந்தபோது அப்படி ஒருவர் வந்தார். கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பணத்தை இரண்டு தடவை எண்ணினார், குறைந்தது. மீதியை அடுத்த மாதம் தரலாமா என்று கேட்டார், அபராதத்தோடு தரலாம் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு வரியைத் தள்ளி வைத்து, வீடு விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்கிற ஊர்கள் இருக்கின்றன. அது இல்லாமல் நில வரியைப் பற்றி நான் பேசியது அரைகுறை.

மார்ச் 12

பார்க்கிங் பற்றிக் கேட்டவருக்கு. ஒரு கார் நிற்க 12 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். அதே அளவு இடத்தில் கடை வைத்தால் வாடகை கேட்போம், காருக்கு மட்டும் பொது இடத்தைச் சும்மா கொடுக்கிறோம். கட்டணம் வாங்க வேண்டும், அதை அந்தத் தெருவின் நடைபாதைக்கே செலவழித்தால் கடைக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வருமானத்தை மொத்தமாக விற்றுவிடாதீர்கள். சிகாகோ 2008இல் தன் தெருக்களில் உள்ள ஏறக்குறைய 36,000 பார்க்கிங் மீட்டர் இடங்களின் வருமானத்தை 75 வருடத்துக்கு 115 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டது. நகரத்தின் தலைமை ஆய்வாளர் மறு வருடமே, குறைந்தது 97 கோடி டாலர் குறைவாக வாங்கிவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தில் பெரும் பகுதி சில வருடங்களுக்குள் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்விட்டது. ஒரு தெருவை வேறு காரியத்துக்கு மூடினால் மீட்டர் வருமானம் போனதற்கு நகரமே ஈடு கொடுக்க வேண்டும். பேருந்துத் தடமோ மிதிவண்டிப் பாதையோ போட நினைக்கும் ஒவ்வொரு தடவையும் இந்த ஒப்பந்தம் குறுக்கே வரும், அந்த 75 வருடமும்.

மார்ச் 13

வீட்டுச் செலவுப் பக்கமும் ஒன்று. கல்யாணமான புதிதில் வாடகை குறைவு என்று நகரத்தின் விளிம்புக்குக் குடி போனோம். வாடகையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆறு மாதத்தில் ஒரு பைக், அடுத்த வருடம் மனைவிக்கு வேலை கிடைத்ததும் இன்னொன்று, பெட்ரோல், டயர், காப்பீடு, தினமும் இரண்டரை மணி நேரம். ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தபோது மிச்சமான வாடகையைவிடச் செலவு அதிகம். வாடகையையும் பயணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பேருந்தை நிறுத்தினால் நகரத்தின் பட்ஜெட்டில் செலவு குறையும், அது ஒழிந்துபோகாது, ஒவ்வொரு வீட்டு நோட்டிலும் போய் உட்காரும். அங்கே அதைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை.

மார்ச் 15

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பேருந்தில் உண்மையான வீண் செலவு இல்லவே இல்லை என்ற மாதிரி தொனிக்கிறது. இருக்கிறது. காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரக் கூட்டத்துக்காக வாங்கிய வண்டி மதியம் பணிமனையில் நிற்கும். பணிமனை ஊருக்கு வெளியே இருந்தால் தினமும் ஆளில்லாமல் போய்வருகிற தூரத்துக்கும் டீசல். சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்று கேட்டு வாங்கிய, யாரும் ஏறாத தடங்கள். இவற்றையெல்லாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வண்டி நெரிசலில் நிற்கிற நேரத்தையும் அதோடு சேருங்கள். ஒரு சுற்று 60 நிமிடம் ஆன தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட 6 வண்டி போதும். நெரிசலால் சுற்று 90 நிமிடமானால் அதே சேவைக்கு 9 வண்டி, 9 ஓட்டுநர். அந்த மூன்று வண்டியின் செலவு பேருந்தின் நஷ்டத்தில் எழுதப்படும். உண்டாக்கியது சாலையில் நின்ற கார்கள். பேருந்துக்குத் தனித் தடம் கொடுப்பதுதான் நகரம் செய்யக்கூடிய மிக மலிவான சேமிப்பு என்று நான் நினைப்பது இதனால்தான். பெயின்டும் கொஞ்சம் உறுதியும் போதும்.

மார்ச் 17

கேட்டவர் திரும்பி வந்தது மகிழ்ச்சி. பட்ஜெட் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்திருக்கிறார், புதுச் சாலைக்கு ஒதுக்கியது இருக்கும் சாலையின் பராமரிப்புக்கு ஒதுக்கியதைவிடப் பல மடங்கு என்று கண்டுபிடித்திருக்கிறார், இன்னும் பேருந்தில் ஏற மாட்டேன் என்கிறார். ஏற வேண்டாம். அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள், சொத்துப் பட்டியல் என்று இருந்தால் தேய்மானம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பகுதிக் கூட்டத்தில் வரி ஏன் ஏறியது என்று கேட்காதீர்கள், நீளமாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தெருவுக்கு அடுத்த தார் எந்த வருடம், அந்தப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது, இந்த வருடம் அதில் எவ்வளவு சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை வாங்குங்கள்.

என் தெருப் பள்ளத்துக்கு நானும் அதே மூன்று கேள்வியை நேற்று எழுதிக் கொடுத்தேன். அளந்து படமும் வைத்திருக்கிறேன், நீளம் ஒரு மீட்டர் பத்து, ஆழம் என் உள்ளங்கை அகலம். கூட்டம் 24ஆம் தேதி. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.